செய்தி முடியட்டும்

போர் நடந்த தொண்ணூற்றிரண்டில் குருநகரில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் ரேடியோ கேட்டார்கள். வீட்டில் பெடலைச் சுற்றுவது பத்தொன்பது வயதுச் சிமியோனின் உத்தியோகம். சொல்லவேண்டியதை அவன் முதலில் கொல்லையில் கட்டியிருந்த ஆட்டிடம் சொல்லிப் பார்த்திருந்தான். ஆடு ஆட்சேபிக்கவில்லை.

அந்தத் தைரியத்தில், சுற்றியபடியே தாயிடம் சொன்னான்.

"எனக்குப் பொம்பிளை பாக்காதையணை அம்மா. எனக்கு ஆம்பிளைப் பெடியங்களிலைதான் விருப்பம்."

லூர்த்தம்மா ரேடியோவையே பார்த்தாள். "செய்தி முடியட்டும்."

செய்தி முடிந்தது. மரண அறிவித்தலும் முடிந்தது. கை ஓய்ந்து நிறுத்தினான். ரேடியோ அடங்கியது. இனிக் கதைப்பாள் என்று காத்திருந்தான்.

"நிப்பாட்டாதை மேனை," அவள் அழுதாள். "சுத்து."

ஆடே பரவாயில்லை என்று நினைத்தபடி சிமியோன் கையை மாற்றிச் சுற்றினான்.