காயாத நீலம்

"அத தொடாத! ஏய், தொடாதன்னு சொல்றேன்ல!"

ஐஸ் பெட்டி வைக்க இடம் பண்ணுவதற்காக ஜன்னலோர மேசையைத் தூக்கிய துளசிராமன் அப்படியே நின்றுவிட்டான். மேசை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதன் மேலிருந்த குட்டிக் குட்டி விண்கப்பல்கள் சரிந்து விளிம்புக்கு வந்துகொண்டிருந்தன. அன்புராஜ் ஆட்களைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து, அத்தனையையும் விட்டுவிட்டு ஒன்றே ஒன்றை மட்டும் பிடித்தான். மற்றவை தரையில் கொட்டிச் சிதறின.

"பெயின்ட் காயல," என்றான்.

பெண்டாட்டி பாயில் கிடக்கிறாள், விடிந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன் பிளாஸ்டிக் பொம்மைக்கு இந்தக் கத்து கத்துகிறானே என்று வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துளசிராமன் அன்புராஜ் ஓட்டும் கம்பெனி வேனுக்கு மாற்று டிரைவர். அவன் மட்டும் எதுவும் கேட்காமல் குனிந்து, கீழே கிடந்ததையெல்லாம் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு மூடினான். அன்புராஜ் தன் கையிலிருந்ததை ஃபிரிட்ஜின் மேல், எவர் கையும் படாத மூலையில் வைத்தான். கட்டைவிரலில் பிசுக்கென்று ஒட்டியதை அவன் அப்போது கவனிக்கவில்லை.

ஐஸ் பெட்டி உள்ளே வந்தது. விக்டோரியாவை அதில் கிடத்தினார்கள். ஆக்சிஜன் குழாய் பதிந்த தடம் இரண்டு கன்னத்திலும் இன்னும் அப்படியே இருந்தது. பாவி, அது கூடப் போகவில்லையே என்று அவன் நினைத்தான்.

காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவள் விக்டோரியா. வெளிநாட்டில் யாரோ வீட்டுக்குள் உட்கார்ந்து விளையாடும் ஆட்டத்துக்கு இங்கே கப்பல் வார்த்து அனுப்பினார்கள். கட்டைவிரல் நீளத்துக்கு ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று. இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பெயின்ட் அடிப்பார்கள். சாம்பல் உடம்பு, கறுப்பு மூக்கு, மஞ்சள் ஜன்னல். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அதே சாம்பல், அதே கறுப்பு, அதே மஞ்சள். ஒவ்வொருத்திக்கும் அடையாளமாக ஒரு நிறம் உண்டு. அடித்து முடித்து, சரியாக இருக்கிறதென்று தானே பார்த்த பிறகு, கப்பலின் வயிற்றில் தன் நிறத்தில் ஒரு புள்ளி வைக்கவேண்டும். புள்ளி இருந்தால் வேலை முடிந்தது, பெட்டியில் அடுக்கலாம். விக்டோரியாவின் புள்ளி நீலம்.

இறக்கை நொண்டியானது, மூக்கு வளைந்தது என்று கழித்துப் போட்டதையெல்லாம் சூப்பர்வைசரிடம் கேட்டு வீட்டுக்கு எடுத்துவருவாள். ராத்திரி சோறு ஆக்கி இறக்கியதும் அதன் மேல் தன் இஷ்டத்துக்கு வேறு நிறம் ஏற்றுவாள். மாம்பழ மஞ்சள், மயில் கழுத்துப் பச்சை, ஏன், ஒரு தடவை புடவை பார்டர் மாதிரி ஜரிகைக் கோடு கூடப் போட்டாள். அந்தக் கம்பெனிக்காரன் பார்த்திருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பான்! வீட்டுக் கப்பலானாலும் முடித்ததும் வயிற்றில் நீலப் புள்ளி வைக்காமல் விடமாட்டாள்.

அந்த ஆட்டத்தை எப்படி ஆடுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? வீட்டுத் தரை டைல்ஸ்தான் ஆகாசம். தாயம் உருட்டி, விழுந்த எண்ணுக்குக் கப்பலை நகர்த்தவேண்டும். தோற்றவர் டீ போடவேண்டும். அன்புராஜ் அவள் அந்தப் பக்கம் திரும்பினால் ஒரு கட்டம் கூடத் தள்ளி வைப்பான்.

"இன்னாய்யா, உன் கப்பலு மட்டும் தானா நவுருதா?"

"காத்து அட்ச்சிது போல."

"ஆகாசத்துல ஏதுய்யா காத்து? போய் டீ போடு."

அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பிறக்காததைப் பற்றிப் பேசாமல் எத்தனையோ ராத்திரிகளை அந்தக் கப்பல்கள் ஓட்டிக் கொடுத்தன.

அப்புறம் மற்றவர்கள் அடித்ததைச் சரிபார்க்கும் செக்கராக அவளை ஆக்கினார்கள். ஸ்பிரே அடிக்கும் அறைக்குப் பக்கத்திலேயே நாற்காலி. வீட்டுக்கு வந்தால் தலைவலி. "அங்கயும் இந்த நாத்தம், ஊட்டுலயும் இந்த நாத்தமா?" என்று ஒருநாள் எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றினாள். வருஷக்கணக்காக அது அங்கேயே கிடந்தது. போன வருஷம் மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியது. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரல் இறுகிப்போயிருக்கிறது, இனி அது விரியாது என்றார். எதனால் என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பெயின்ட், ஊதுபத்தி, கொசுவத்தி, எந்த வாசனையும் ஆகவே ஆகாது என்று மட்டும் சொன்னார்.

படுக்கையில் கிடந்தபடி அவள் பரணையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"அந்த டப்பாவ எறக்கேன்."

"டாக்டரு சொன்னது மறந்துச்சா?"

"ஸ்கூல் பசங்க தண்ணி கலரு வாங்கியா. அதுல இன்னா வாசன கீது?"

ஒரு வாரம் இழுத்தடித்தான். பிறகு இறக்கிக் கொடுத்தான். அன்றைக்குத்தான் அவள் யாரும் தூக்கிவிடாமல் தானாக எழுந்து உட்கார்ந்தாள். பழைய பேனா ரீஃபிலைக் கப்பலின் வயிற்று ஓட்டையில் செருகிப் பிடித்துக்கொள்வாள். ஒரு இறக்கைக்கு அடித்தால் மூச்சு வாங்கும். சாய்ந்துகொள்வாள். மறுபடி எழுந்து அடுத்த இறக்கை. வேன் சவாரி முடிந்து அவன் வீட்டுக்குள் நுழையும்போதே, "இத பாரு, இத பாரு," என்பாள். நோயாளி இருக்கிற வீடு என்பதே அந்த ஒரு மாதம் அவனுக்கு மறந்துபோயிருந்தது. சந்தோஷமாக இருந்தான், அதுதான் உண்மை.

ஆனாலும் தண்ணிக் கலர் அவளுக்குப் பிடிக்கவில்லை. சாக்பீஸ் மாதிரி இருக்கிறது, பளபளப்பே இல்லை என்று முனகிக்கொண்டேயிருந்தாள். முந்தாநாள், உள்ளங்கை அகலப் பெரிய கப்பலை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இதுக்கு மட்டும் எனாமல் வாங்கியாய்யா. நீலம். சின்ன டின்னு போதும்."

அவன் முடியாது என்றான். அவள் வற்புறுத்தவில்லை. கப்பலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நேற்று சாயங்காலம் திருவள்ளூர் பஜாரில் வேனை நிறுத்தி அவன் அந்த டின்னை வாங்கினான்.

விடியற்காலையில் பால் வாங்கப் போனான். திரும்பி வந்தபோது ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கவரைப்பேட்டையிலிருந்து விக்டோரியாவின் அக்கா கிறிஸ்டினா வந்து சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. வாசலிலேயே விழுந்து புரண்டாள். "என் தங்கமே, அக்கா வர்றதுக்குள்ள போய்ட்டியேடி!" என்று ஐஸ் பெட்டியின் கண்ணாடியை அறைந்தாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். கவரைப்பேட்டைக்குக் குடிபோவதற்கு முன்னால் கிறிஸ்டினாவும் அதே கம்பெனியில் அதே வரிசையில் உட்கார்ந்து பெயின்ட் அடித்தவள். அந்த வாசனை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்புராஜ் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டான்.

பெண்கள் உடம்பைக் குளிப்பாட்டி, கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைப் புடவையைக் கட்டினார்கள். அது முடிந்ததும் கிறிஸ்டினா ஈரக்கையோடு நேராக அடுப்படிக்கு வந்தாள்.

"தம்பி, அவ நகத்துல நீலம் கீது. சோப்பு போட்டுத் தேய்ச்சேன், போவல."

அவன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தண்ணி கலருன்னா போயிருக்கும். இது எனாமலு. யாரு வாங்கியாந்தது?"

"நான்தான்க்கா."

"டாக்டரு இன்னா சொன்னாரு உனுக்கு?"

"வாசனையே ஆவாதுன்னாரு."

"தெரிஞ்சேதான் வாங்கியாந்தியா?"

"கேட்டாக்கா."

"கேட்டா? வெசம் கேட்டா வாங்கியாந்து குடுத்துடுவியா? அய்யோ, இன்னும் பத்து நாளு இருந்திருப்பாளேடா! கிறிஸ்மஸ் வரைக்கும் இருந்திருப்பாளே!"

முன்னறையில் ஜெபப் பாட்டு பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார்கள். அன்புராஜ் காஸ் அடுப்பைப் பார்த்தபடி நின்றான். அக்கா கேட்டதைத்தான் விடிந்ததிலிருந்து அவனும் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த டின்னை வாங்காமல் இருந்திருந்தால்? ஜன்னல் ரெண்டையும் திறந்துதான் வைத்தான். ஃபேனும் போட்டான். ஆனாலும் அவள் ராத்திரியெல்லாம் இருமினாளே. எல்லா ராத்திரியும்தான் இருமினாள். நேற்று கூடுதலா? அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. இனி எவரைக் கேட்டும் தெரிந்துகொள்ள முடியாது.

"எதுவுமே கேக்கலக்கா அவ," என்றான். "சீக்கு வந்ததுலேர்ந்து. இது வேணும், அது வேணும்னு ஒண்ணுமே கேக்கல. இந்தக் கப்பலும் கலரும் மட்டும்தான் கேட்டா."

கிறிஸ்டினா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். ஃபிரிட்ஜின் மேல் அது இருந்தது.

"இந்தச் சனியனுக்காகவா?"

தூக்கி எறியத்தான் எடுத்தாள். ரீஃபிலைப் பிடித்து ஓங்கியவள், பழைய வேலைக்காரி அல்லவா, கை தன்னால் கப்பலைப் புரட்டியது. அப்படியே நின்றாள்.

"புள்ளி வெச்சிக்கிறா," என்றாள்.

அன்புராஜுக்கு முதலில் புரியவில்லை.

"இங்க பாரு. ஒரு பக்கம்தான் நீலம் அட்ச்சிக்கிறா. இந்தப் பக்கம் பூரா சாம்பலு. பிரஷ்ஷே படல. ஆனா புள்ளி வெச்சிக்கிறா."

"தெரியாம வெச்சிருப்பா."

"யாரு? அவளா?" கிறிஸ்டினாவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "ஒரே ஒரு கப்பலுக்கு ஜன்னலு அடிக்காம நான் புள்ளி வெச்சிட்டேன்னு, கூடப் பொறந்த அக்கான்னுகூடப் பாக்காம என் டிரே மொத்தத்தையும் திருப்பி அனுப்பினவடா அவ. ஒரு வாரம் அவகிட்ட நான் பேசல. முடியாததுக்கு அவ புள்ளி வெப்பாளா?"

அப்போதுதான் அவனுக்கு நேற்று ராத்திரி ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் அடித்து முடித்ததும் லைட்டுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். நீலம் பளபளவென்று மின்னியது. "இப்ப பாரு, எப்டி கீது!" என்றாள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டு, கப்பலைப் புரட்டி என்னவோ செய்தாள். ஓட்டையில் ரீஃபில் ஆடுகிறதென்று பார்க்கிறாள் போலும் என்று அவன் நினைத்தான். "போதும்," என்று பிரஷ்ஷை அவனிடம் நீட்டினாள். "மீதிய நாளைக்கி அட்ச்சிக்கலாம்," என்றான் அவன். அவள் அவன் கன்னத்தைத் தட்டினாள்.

அதைக் கிறிஸ்டினாவிடம் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான். நின்ற இடத்திலேயே, காஸ் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வாய்விட்டு அழுதான். கிறிஸ்டினா அவன் தலையில் கை வைத்தாள். திட்டவுமில்லை, தேற்றவுமில்லை.

"யாரு இத அழுத்தினது? புள்ளி நசுங்கிக்கீது," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. அவன் தன் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தான். நீலமாக இருந்தது. கப்பலின் வயிற்றிலிருந்த புள்ளியில் அவன் விரல் ரேகை வரி வரியாகப் பதிந்திருந்தது.

வெளியே சவப்பெட்டி வந்த சத்தம் கேட்டது. கிறிஸ்டினா கப்பலை மறுபடியும் ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். நீலப் பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வைத்தாள்.

"பொட்டில வெச்சி அனுப்பிடலாமா தம்பி?"

"காயலக்கா. பொடவைல ஒட்டிக்கும்."

"ஆமா, வெள்ளப் பொடவ," என்றாள் அவள்.

சாயங்காலம் கல்லறைத் தோட்டத்தில் பாஸ்டர் ஜெபம் பண்ணினார். எல்லாரும் மண் போட்டார்கள். அன்புராஜ் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிப் போட்டான். செம்மண் விரலிடுக்கெல்லாம் ஏறிக்கொண்டது. கட்டைவிரலில் மட்டும் நீலத்தின் மேல் அப்பியது. துளசிராமன்தான் அவன் தோளைப் பிடித்து வேனில் ஏற்றினான். தினமும் அவன் ஓட்டுகிற அதே வேன். ஜன்னலோர சீட்டில் ஒரு பயணியைப் போல உட்கார்ந்து வந்தான்.

வீட்டு வாசலில் வாளியில் தண்ணீர் வைத்திருந்தார்கள். கிறிஸ்டினா எல்லாருக்கும் முன்னால் போய் உள்ளே டீக்கு அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். துளசிராமன் சொம்பில் மொண்டு அவன் கையில் ஊற்றினான். மண் கரைந்து ஓடியது. விரல் நீலமாகவே இருந்தது.

"இது தண்ணிக்குப் போவாது மச்சி. வண்டில தின்னர் கீது, ஒரு துணில தொட்டுத் தொடச்சா போயிடும். எடுத்தாரட்டா?"

அன்புராஜ் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"நீ ஊத்து," என்று மற்ற நாலு விரலை மட்டும் நீட்டினான்.