ஒரு சொல்லும் விடாமல்

"பேரை மட்டும் எழுதிவிடாதே, லவ்," என்றாள் டொரீன் தொலைபேசியில். "நான் கதைத்தேன் என்று லெஸ்ஸுக்குத் தெரியக் கூடாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருக்கிற மேவிஸ் ஒட்டுக் கேட்பாள்தான். ஆனால் வெளியில் விடமாட்டாள்."

"பேர் எழுதமாட்டேன்," என்றாள் யோகராணி. மற்றதையெல்லாம் அவள் கை சுருக்கெழுத்தில் எழுதத் தொடங்கியிருந்தது.

டொரீன் கிப்ஸ்லாந்து நாட்டுப்புறத்து மாட்டுப் பண்ணைக்காரன் லெஸ்ஸின் மனைவி. அந்தப் பக்கத்துப் பெண்கள் எவரையும் 'லவ்' என்றுதான் செல்லமாக அழைப்பார்கள். ரயிலில் மாடு ஏற்றும் கட்டணம் பற்றிக் கேட்க ஒருநாள் தொலைபேசி எடுத்தவள், அதன் பிறகு மழை பெய்யாததைச் சொல்ல எடுத்தாள், கோழிகளை நரி பிடித்ததைச் சொல்ல எடுத்தாள். அதெல்லாம் வேறு எதையோ சொல்வதற்கான ஒத்திகை என்று யோகராணிக்குத் தோன்றியதுண்டு. இன்றைக்குத்தான் அது வெளியே வந்தது.

மாட்டிறைச்சி விலை விழுந்து இரண்டாவது வருஷம் அது. சந்தையில் விற்றால் லொறிக் கூலிகூடத் தேறாது. நிலத்தில் புல்லும் இல்லை. லெஸ் தன் மாடுகளைத் தானே துவக்கால் சுட்டான். பண்ணையை ஒட்டி, ஆடுவாரில்லாமல் விட்டுப்போன பழைய கிரிக்கெட் மைதானம் ஒன்று இருந்தது. அங்கேதான் மண் இளகியிருந்தது என்று குழியை அங்கே வெட்டினான். கடைசியில் வீட்டுக்குப் பால் கறக்கிற பசுவையும் கூட்டிப் போனான். கயிறுகூடக் கட்டவில்லை. அது பாட்டுக்கு அவன் பின்னால் நடந்து போனதாம்.

"இப்போது பின்னேரமானால் ஷெட்டில் போய் இருந்து துவக்கைத் துடைக்கிறான். துடைத்து முடிந்ததையே திரும்பவும் துடைக்கிறான். சாப்பிடக் கூப்பிட்டால், 'நீ போ, வருகிறேன்' என்கிறான். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை."

"பொலிஸுக்குச் சொன்னீர்களா?"

"சார்ஜன்ட் அவனோடு படித்தவன். 'லைசென்ஸ் இருக்கிறது, ஒரு குற்றமும் செய்யவில்லை, எந்தச் சட்டத்தில் போய்ப் பறிப்பேன் டொரீன்?' என்று என்னையே கேட்கிறான். புதுச் சட்டம் வந்தால் முடியுமாம். உங்கள் ஆள் அங்கே பாராளுமன்றத்தில்தானே இருக்கிறார்? அதைக் கொஞ்சம் கெதியாகக் கொண்டுவரச் சொல்லேன்."

யோகராணியின் முன்னாலிருந்த தட்டெழுத்து இயந்திரத்தில் பாதி அடித்த தாள் ஒன்று நின்றது. 'ஒன்பதாம் பிரிவு முழுவதும் நீக்கப்படுக' என்று அதில் இருந்தது. மனைவியோ டொக்டரோ கேட்டுக்கொண்டால் பொலிஸார் ஒருவருடைய துவக்கைக் கொஞ்சக் காலம் வாங்கி வைத்திருக்கலாம் என்று புதுச் சட்டத்தில் சொல்கிற பிரிவு அது. அதை நீக்கச் சொல்லித் திருத்தம் கொண்டு வருகிறவர்தான் டொரீன் சொன்ன அந்த ஆள்.

அவர் திரு. மெரிக். விவசாயிகளும் வேட்டைக்காரர்களும் சேர்ந்து தொடங்கிய ரூரல் லீக் என்ற சின்னக் கட்சிக்கு மேலவையில் இருந்த ஒரேயொரு உறுப்பினர். காட்டு வாத்தான தாராவைச் சுடும் பருவம் எப்போது தொடங்க வேண்டும், நரித்தோலுக்கு என்ன சன்மானம், எந்தக் கிராமத்து ரயில் பாதையை மூடக் கூடாது என்பவைதான் அவருடைய வேலை. பாராளுமன்றத்தின் பின்தோட்டத்தில், எல்லோரும் கோழிக்கூடு என்று அழைக்கிற கட்டடத்தில் அவருக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு தொலைபேசி, ஒரு யோகராணி. வழக்கமாக அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இந்தக் கிழமை மட்டும் அமைச்சரே இரண்டு தரம் வந்து போனார். துவக்கு மசோதாவில் இரு பக்கமும் சமமாக நின்றதால் மெரிக்கின் ஒற்றை வாக்குக்குத் திடீரென்று எடை கூடியிருந்தது.

அன்று மாலை மல்கிரேவ் புறநகர் வீட்டில் சோறு போடும்போதே அவள் கணவன் விக்னராஜா தொடங்கினான். கொழும்பில் எஞ்சினியராக இருந்தவன். இங்கே ஒரு கொம்பனியில் வரைபடம் கீறுகிறான். மனைவியின் வேலை அவனுக்குத் தீராத பகிடி.

"என்ன, உன்ரை தாராக் கட்சி இண்டைக்கு என்ன சுட்டது?"

அவள் டொரீனைப் பற்றிச் சொன்னாள். அவன் சிரிப்பு நின்றது.

"நீ அந்த மனிசனுக்குச் சொன்னனியே, இந்தப் பிரிவை விடுங்கோ எண்டு?"

"நான் ஆர் அவருக்குச் சொல்ல? இந்த நாட்டுக்கு வந்து இன்னும் ரெண்டு வருஷம் ஆகேல்லை."

"அப்ப பேசாமல் இரு. நீ ரைப் அடிக்கிற ஆள்."

"டொரீன் சொன்னதை அப்பிடியே அடிச்சு மேசையிலை வைக்கப் போறன். வாசிச்சால் அவருக்கே விளங்கும்."

"விளங்குமோ?"

"மனிசன்தானே."

"மனிசன்தான். எண்டாலும் எம்.பி. எல்லோ," என்றான் விக்னராஜா, பருப்பை இழுத்து வைத்தபடி.

கொழும்பில் அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். சாட்சி சொல்வதில் ஒரு சொல்லையும் விடக் கூடாது, தன் சொல் ஒன்றையும் சேர்க்கக் கூடாது என்பதே அங்கே வேதம். ஒரு தாயின் வாக்குமூலத்தை அவள் திருப்பி வாசித்தபோது நீதவான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யன்னலைப் பார்த்ததை அவள் மறக்கவில்லை. உண்மையை முழுசாக வைத்தால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை அன்றைக்கு அவளுக்குள் இறங்கியது. அந்த நம்பிக்கைக்குள் கொஞ்சம் பயமும் ஒளிந்திருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. உண்மையைப் பேசவிட்டால், தான் வாய் திறக்க வேண்டியதில்லை.

காலையில் மெரிக் அந்தத் தாளை நின்றபடியே வாசித்தார். பெரிய உடம்பு, வெயிலில் வெந்து சிவந்த கழுத்து. தன் பண்ணையிலிருந்து அவளுக்கு உருளைக்கிழங்கு கொண்டுவந்து தருகிற மனிதர். அவள் மாமிசம் தொடாதவள் என்று அறிந்த நாளிலிருந்து, சுட்ட தாராக்களை அறைக் கதவில் கொழுவி வைப்பதை நிறுத்திவிட்டவர். அவரும் போன வருஷம் தன் மாடுகளுக்குக் குழி வெட்டியவர்தான்.

"கயிறு இல்லாமலா போனது?" என்று கேட்டார்.

"அப்படித்தான் சொன்னார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி போதாமல் கண்ணையும் துடைத்தார். "இதை நான் வைத்துக்கொள்ளட்டுமா, யோகா?" அவளுடைய முழுப் பெயர் அவர் வாயில் ஒருநாளும் ஏறியதில்லை.

"ஓம், வைத்திருங்கள்," என்றாள். மத்தியானம்வரை அவள் விரல்கள் தங்கள் பாட்டில் ஓடின. பிழை ஒன்றும் வரவில்லை.

பிற்பகல் மேலவைக்குப் போய்ப் பொதுமக்கள் மாடத்தில் இருந்தாள். மெரிக் நல்ல பேச்சாளர் அல்ல. தாள்களைத் தவறவிடுவார், எண்களைக் குழப்புவார், எதிர்ப்பக்கத்தார் வாத்து மாதிரிக் கத்திக் காட்டுவார்கள். இன்றும் எழுந்ததும் ஒருவர் கத்தினார். மெரிக் அவரைப் பார்க்காமல், "ஒரு பழைய கிரிக்கெட் மைதானத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன்," என்று தொடங்கினார்.

சபை அடங்கியது. குழி, மைதானம், கயிறில்லாமல் பின்னால் நடந்த பசு எல்லாவற்றையும் அவள் அடித்த வரிசையிலேயே சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. யோகராணி முன்னால் சாய்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இப்போது சொல்லப் போகிறார், பிரிவு இருக்கட்டும் என்று சொல்லப் போகிறார்.

"அவருடைய மனைவி சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். பின்னேரங்களில் அவர் ஷெட்டில் இருந்து தன் துவக்கைத் துடைக்கிறாராம். எல்லாம் போன பிறகும் தன் கருவியைப் பேணுகிற மனிதர் அவர். இந்தச் சபை அந்த மனிதருக்கு விலை கொடுக்கவில்லை, புல் கொடுக்கவில்லை, ரயில் கொடுக்கவில்லை. இப்போது அவர் வாசலுக்குப் பொலிஸை அனுப்பி, உன்னை நாங்கள் நம்பவில்லை என்று சொல்லப் போகிறதா? டொக்டரிடம் போனால் துவக்குப் போய்விடும் என்றால், எந்த விவசாயி இனி டொக்டரிடம் போவான்?"

ஒரு கணம், ஒரேயொரு கணம், அவளுக்கும் அது சரியென்றே பட்டது. பிறகு அந்தக் கணத்தை நினைக்கும் போதெல்லாம் உடம்பு கூசியது.

வாக்கெடுப்புக்கு மணி அடித்தது. உறுப்பினர்கள் ஓடி வந்தார்கள். கதவுகளைப் பூட்டினார்கள். ஒரு வாக்கால் ஒன்பதாம் பிரிவு போயிற்று. வாத்து மாதிரிக் கத்தியவரே வந்து மெரிக்கின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

கோழிக்கூட்டுக்குத் திரும்பியதும் அவள் அதை அவரிடம் நேராகவே சொன்னாள். சொன்ன பிறகுதான், தன்னால் சொல்ல முடியும் என்பதே தெரிந்தது.

"அந்தப் பெண் சொன்னது பிரிவு வேண்டுமென்று. வேண்டாமென்று அல்ல."

"எனக்குத் தெரியும்." மெரிக் கதிரையில் இருந்து சப்பாத்து நாடாவைத் தளர்த்தினார். "அவள் பயந்து போயிருக்கிறாள், யோகா. பயத்தை வைத்துச் சட்டம் செய்யக் கூடாது. சனிக்கிழமை அந்தப் பக்கம் போகிறேன். லெஸ்ஸோடு இருந்து ஒரு பியர் குடிப்பேன். அது நூறு பொலிஸுக்குச் சமம்."

அவர் போகவே செய்வார் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் கோபப்படக்கூட முடியாமல் செய்தது.

"அவர் பேரை நான் எழுதவில்லை. நீங்கள் எப்படி...?"

"மாடு புதைத்த கிரிக்கெட் மைதானம் அங்கே வேறு எது?"

அப்படியென்றால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அவளுக்கு உறைத்தது. மெரிக்கும் அப்போதுதான் தான் சொன்னதைக் கேட்டவர்போல நெற்றியைத் தடவினார். "அந்த மைதானத்தைச் சொல்லாவிட்டால் யார் நம்பியிருப்பார்கள்?" என்றார் மெல்ல.

மாலையில் அவருடைய பேச்சின் அச்சுப்படி திருத்தத்துக்கு வந்தது. திருத்துவது அவள் வேலை. மைதானம் வரும் வரியையும் மனைவி வரும் வரியையும் வெட்டி அனுப்பினாள். அவள் வாழ்க்கையில் ஒருவர் சொன்னதை வெட்டியது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரத்தில் சபையின் நடவடிக்கைக் குறிப்புப் பகுதியிலிருந்து ஒரு வயதானவர் தொலைபேசி எடுத்தார்.

"இலக்கணப் பிழை என்றால் திருத்தலாம், அம்மா. சொன்னதைச் சொல்லாததாக்க முடியாது."

கொழும்பில் அவளும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

"அதோடு, அதை ஏற்கெனவே ரேடியோவில் வாசித்துவிட்டார்களே," என்றார் அவர். "நல்ல பேச்சு."

உடனே டொரீனுக்கு எடுத்தாள். மேவிஸின் குரல்தான் வந்தது. "யாரும் எடுக்கிறார்களில்லை, லவ். ரேடியோவில் சொன்னதிலிருந்து ஊர் முழுக்க அவர்களுக்குத்தான் எடுக்கிறது. நான் ஒரு வார்த்தைகூட வெளியில் விடவில்லை. டொரீன் கேட்டால் அதையும் சொல்."

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. மெரிக் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஓர் ஆணின் குரல், அவசரமில்லாத குரல்.

"மெரிக் இருக்கிறாரா?"

"இப்போது வந்துவிடுவார். யார் கதைக்கிறது?"

"லெஸ். ஒரு நன்றி சொல்லத்தான். ரேடியோவில் கேட்டேன். அந்தப் பசு நடந்து வந்ததை அவர் அப்படியே சொன்னார்." கொஞ்சம் நிறுத்தினான். "அதை நான் ஒரு ஆளுக்குத்தான் சொன்னேன். நீதானா டொரீன் கதைக்கிற பிள்ளை?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நினைவு வந்து போயிற்று. "ஓம், நான்தான்."

"நல்ல குரல் என்று சொன்னாள்."

"டொரீன் பக்கத்தில் இருக்கிறாரா?"

"தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நான் ஒன்றும் ஏசவில்லை. ஒன்றும் பேசாமல் இருந்தேன், அதற்குப் போய்விட்டாள். எனக்குக் கோபமில்லை என்று அவளுக்குச் சொல்லிவிடு. சரி, வைக்கிறேன்."

"வைக்காதீர்கள்."

சொல்லிவிட்டாள். இத்தனை வருஷம் மற்றவர்களின் சொற்களை எழுதி நிரப்பிய மனதில் தன்னுடையதென்று எடுத்து நீட்ட ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. அறையில் ஒரே தொலைபேசி. வேறு யாரையும் கூப்பிட வேண்டுமென்றால் இவனுடைய அழைப்பைத் துண்டிக்க வேண்டும்.

"திரு. மெரிக் நாளைக்கு உங்களைப் பார்க்க வருகிறார்," என்றாள்.

"அப்படியா? நல்லது." சந்தோஷமும் இல்லை, மறுப்பும் இல்லை. அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை என்று டொரீன் சொன்ன குரல் இதுதான் என்று அவளுக்கு விளங்கியது.

"காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?"

மறுமுனையில் சிரிப்புப் போல ஏதோ கேட்டது. "நீயும் டொரீன் மாதிரிக் கேட்கிறாய். ரொட்டி மிச்சம் கிடந்தது."

"தேநீர்?"

"பால் இல்லையே," என்றான். தூரத்தில் நாய் ஒன்று குலைத்தது. "கொஞ்சம் பொறு. யாரோ வந்திருக்கிற மாதிரிக் கிடக்கிறது."

ரிசீவரை அவன் ஒரு மேசையில் வைக்கும் சத்தம். சப்பாத்துகள் மரத்தளத்தில் நடந்து போயின. கம்பிவலைக் கதவு திறந்து அடித்தது.

"வெளியூர் அழைப்புக்கு மூன்று நிமிஷம் முடிந்தது. நீடிக்கட்டுமா?" மேவிஸின் குரல் இடையில் வந்தது.

"நீடியுங்கள். மேவிஸ், நீங்கள் கேட்டுக்கொண்டா இருந்தீர்கள்?"

மேவிஸ் தயங்கினாள். "ஆம், லவ்."

"சார்ஜன்டைக் கூப்பிட முடியுமா? அங்கே போகச் சொல்லுங்கள்."

"கூப்பிடலாம். என்ன நடந்ததென்று சொல்ல?"

என்ன நடந்தது? ஒரு மனிதன் நன்றி சொன்னான். நாய் குலைத்தது. பார்க்கப் போயிருக்கிறான். இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. சொல்லியிருந்தாலும், வீட்டு வாசலில் நின்று சார்ஜன்ட் என்ன கேட்பான், எந்தச் சட்டத்தைக் கொண்டு கேட்பான்?

"சும்மா போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கூடப் படித்தவர்தானே."

"அவர் சந்தைப் பக்கம் இருப்பார். தேடிப் பார்க்கிறேன். இந்த லைனை வெட்டமாட்டேன்."

மேவிஸ் போய்விட்டாள். மறுமுனையில் வீடு திறந்து கிடந்தது. காற்றில் கதவு ஆடுவது கேட்டது. நாய் குலைப்பதை நிறுத்தியிருந்தது. யாராவது வந்ததால் நிறுத்தியதா, யாரும் வராததாலா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"லெஸ்," என்று கூப்பிட்டாள். பிறகு, வெறும் அறைக்குள் விழுகிற குரல்தான் என்று தெரிந்தே, டொரீனின் கோழிகளில் நரி விட்டுவைத்தவை எத்தனை என்று கேட்கத் தொடங்கினாள்.