சொன்னதும் காட்டியதும்

அந்த ஆஸ்பத்திரியில் மரபணு ஆலோசகருக்கு நர்ஸுகள் வைத்திருந்த பெயர் டிஷ்யூ மேடம். வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பற்றி ஆய்வுக்கூடம் அனுப்பும் முடிவைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்வதும், வைத்துக்கொள்வதா கலைப்பதா என்று அவர்களே தீர்மானிக்க உதவுவதும் அவள் வேலை. எந்தப் பக்கமும் சாயாமல் பேச வேண்டும். பதினோரு வருடமாக அப்படித்தான் பேசிவந்தாள். டிஷ்யூ காகிதப் பெட்டியை எந்த வாக்கியத்துக்குப் பிறகு மேஜையில் முன்னால் நகர்த்துவது என்பது அவளுக்கு அத்துப்படி.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் அறைக்கு மூன்று பேர் வந்தார்கள். நான்கு மாதம் தாண்டிய கர்ப்பிணி, அவள் புருஷன், புருஷனின் அக்கா. கர்ப்பிணிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் இல்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. விரல் நுனிகள் வழவழவென்று, ரேகை தேய்ந்து இருக்கும். புருஷன் கொஞ்சம் சைகை தெரிந்தவன், 'சாப்பிட்டாயா', 'கிளம்பலாம்' என்கிற அளவுக்கு. நாத்தனார்தான் சரளம். பள்ளிக்கூட டீச்சர். தம்பிக்கு இந்தச் சம்பந்தம் முடிவானதும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய் இரண்டு வருடம் கற்றுக்கொண்டவள். அந்த வீட்டில் வேறு யாரும் அந்தப் பாடுபடவில்லை.

குடும்பத்தார் மொழிபெயர்க்கக் கூடாது என்பது ஆஸ்பத்திரி விதி. ஆனால் ஆஸ்பத்திரியின் சைகை மொழிபெயர்ப்பாளர் வியாழக்கிழமை மட்டும்தான் வருவார். இவர்கள் ஒவ்வொரு முறையும் செவ்வாய்க்கிழமைதான் வந்தார்கள். செவ்வாய் விட்டால் தனக்கு லீவு கிடைக்காது என்று நாத்தனார் சொன்னாள். முதல் முறை ஆலோசகர் தயங்கினாள். இரண்டாம் முறை தயங்கவில்லை. இது மூன்றாம் முறை.

"முடிவு வந்துடுச்சு," என்று ஆரம்பித்தாள். "அம்மாவுக்கு இருக்கிற அதே மரபணு மாற்றம் அப்பாகிட்டயும் ஒரு பாதி இருக்கு. அவருக்கு அது வெளிய தெரியல. குழந்தைக்கு ரெண்டு பக்கத்துலருந்தும் வந்திருக்கு. அதனால பிறக்கும்போதே காது கேக்காது. மத்தபடி இதயம், மூளை, கை கால், வளர்ச்சி எல்லாமே நல்லா இருக்கு."

நாத்தனாரின் கைகள் அசைந்தன. நெற்றியைத் தொட்டாள். பிறகு இரண்டு உள்ளங்கையையும் விரித்து வெறுமையாகக் காட்டினாள். மரபணுவுக்கு அப்படி ஒரு சைகை போலிருக்கிறது என்று ஆலோசகர் நினைத்துக்கொண்டாள்.

கர்ப்பிணி அழ ஆரம்பித்தாள். காது கேட்காதவர்கள் அழும்போது வருகிற சத்தத்தை அவர்களால் அடக்கிக்கொள்ள முடியாது. அது வராந்தா வரை கேட்டது. ஆலோசகர் பெட்டியை நகர்த்தினாள்.

"வெச்சுக்கிறதா இருந்தா என்னென்ன உதவி கிடைக்கும்னு சொல்றேன். சின்ன வயசுலயே காதுல கருவி பொருத்தலாம். சைகை மொழியிலேயே படிக்கிற பள்ளிக்கூடம் இருக்கு. உங்களை மாதிரியே வேலைக்குப் போகலாம், கல்யாணம் பண்ணிக்கலாம்." ஐந்து நிமிடம் பேசினாள். நாத்தனார் அதற்கு நான்கு அசைவுதான் செய்தாள். சுருக்கிச் சொல்கிறாளாக்கும்.

புருஷன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவங்க என்ன சொல்றாங்க?" என்று ஆலோசகர் கேட்டாள்.

"வேண்டாங்கறா," என்றாள் நாத்தனார். "இப்படி ஒரு பிள்ளையைப் பெத்து அது படற பாட்டைப் பாக்க முடியாதுங்கறா."

ஆலோசகருக்கு உள்ளுக்குள் ஏதோ இறங்கி லேசானது. அனுபவித்தவளே சொல்கிறாள், இதற்கு மேல் நாம் என்ன சொல்வது என்று தோன்றியது. சம்மதப் படிவத்தை நீட்டினாள். அதில் காரணம் என்ற இடத்தில் 'மரபணு' என்று ஒரு கட்டம்தான் உண்டு. கர்ப்பிணி கையெழுத்துப் போட்டாள். ஆய்வுக்கூட அறிக்கையை நாத்தனார் வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். மூன்று நாள் கழித்து, மூன்றாம் மாடியில் எல்லாம் முடிந்தது. பெண் குழந்தை. பார்க்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டதற்கு, பார்க்க வேண்டாம், பயந்துவிடுவாள் என்று நாத்தனார் பதில் சொன்னாள்.

ஐந்து மாதம் போயிற்று. ஒரு வியாழக்கிழமை அந்தப் பெண் தனியாக வந்தாள். மொழிபெயர்ப்பாளரை அவளே முன்கூட்டிப் பதிவு செய்திருந்தாள். அவர் ஆலோசகருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்தார். அவள் காட்டுவதை அவள் குரலாகவே சொல்வது அவர் வழக்கம்.

"நான் மறுபடி குழந்தை பெத்துக்கணும்னு நினைக்கிறேன்," என்றார் அவர், அவள் கைகளைப் பார்த்தபடி. "எனக்குப் பயமா இருக்கு. அடுத்த குழந்தையும் மூளை இல்லாமதான் பிறக்குமா?"

ஆலோசகர், "என்ன இல்லாம?" என்றாள்.

அவர் சைகையில் திருப்பிக் கேட்டார். அந்தப் பெண் நெற்றியைத் தொட்டு, உள்ளங்கைகளை விரித்துக் காட்டினாள்.

ஆலோசகர் ஒரு நிமிடம் என்று சொல்லி எழுந்து வெளியே வந்தாள். வராந்தாவின் கோடியில் நின்று பெரிய டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "ஃபைல் சுத்தமாத்தானே இருக்கு?" என்றார். "அடுத்த குழந்தைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புன்னு மட்டும் சொல்லுங்க. எதுக்குன்னு கேட்டா, பழைய அறிக்கையைப் பாருங்கன்னு சொல்லுங்க. நாமளா போய் எதையும் கிளற வேண்டாம்."

அறைக்குத் திரும்பி உட்கார்ந்தாள். அந்தப் பெண் அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாயிலிருந்து வருவதற்கு முன்பே முகத்தில் படித்துவிடுகிறவள் அவள்.

"உங்க குழந்தைக்கு மூளை இருந்துச்சு," என்றாள் ஆலோசகர். "எல்லாமே நல்லா இருந்துச்சு. காது மட்டும்தான் கேக்காது."

மொழிபெயர்ப்பாளரின் கைகள் பாதியில் நின்றன. "நான் சரியாத்தான் கேட்டேனா, மேடம்?" என்று தன் சொந்தக் குரலில் கேட்டார். ஆலோசகர் தலையசைத்ததும் சொல்லி முடித்தார்.

அந்தப் பெண் ஒரு விரலால் தன் நெஞ்சைத் தொட்டாள்.

"என்னை மாதிரியா?"

"ஆமா."

"அன்னைக்கு என் வீட்டுக்காரரும் இங்கதான் இருந்தார். நெத்தியைத் தொட்டா மூளைன்னு அவருக்கே புரியும்."

ஆலோசகர் ஃபைலைத் திறந்து சம்மதப் படிவத்தைப் பார்த்தாள்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஒரு தாள்ல எழுதிக் காட்டியிருக்கலாமே."

"காட்டியிருக்கணும்."

"நான் அழுததைப் பாத்தீங்க இல்ல? எதுக்கு அழறேன்னு நினைச்சீங்க?"

பொய் சொல்ல அவகாசம் இருந்தது. மொழிபெயர்ப்பாளரும் கைகளை மடியில் போட்டுக் காத்திருந்தார். ஆலோசகர் உண்மையைச் சொன்னாள். "உங்களை மாதிரி ஒண்ணு பிறந்துடக் கூடாதேன்னு அழறீங்கன்னு நினைச்சேன்."

அவர் அதையும் சைகையில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். அந்தப் பெண் எழுந்து, நாற்காலியை மேஜைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் நாத்தனார் வந்தாள். முன்பதிவு இல்லாமல் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

"நல்லா இருந்த குடும்பத்தை ரெண்டாப் பிச்சுட்டீங்க," என்றாள். "காது கேக்காதுன்னு சொல்லியிருந்தா அவ பெத்தே தீருவேன்னு நின்னிருப்பா. எனக்குத் தெரியும். ரெண்டு பேரையும் யார் சுமக்கிறது? டாக்டர்கிட்டப் போனா நான். பேங்குக்குப் போனா நான். பால்காரன் வந்தா நான். ஒரு ஆளுக்கே என் ஆயுசு போகுது."

"அதை அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாம்."

"சொன்னா புரிஞ்சிக்கவா போறா?" கொஞ்ச நேரம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இப்ப நான் கையைத் தூக்கினாலே கண்ணை மூடிக்கிறா. மூடிக்கிட்டு அப்படியே உக்காந்திருக்கா. ராத்திரி பகல்னு பாக்காம கத்துக்கிட்டேன் அவளுக்காக. இனிமே நான் யார்கிட்ட இதைப் பேசுவேன்?"

இதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள்.

அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு எழுத்தில் புகார் கொடுத்தாள். ஒரு பக்கம், திருத்தமான கையெழுத்து. விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். முந்தின நாள் பெரிய டாக்டர் ஆலோசகரைக் கூப்பிட்டு, வேலை போனால் உரிமமும் போகும் என்று கனிவாகவே எடுத்துச் சொன்னார். ஐம்பது வயதில் வேறு எங்கே போவீர்கள் என்றும் கேட்டார்.

விசாரணை அறையில் அந்தப் பெண் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் அதே மொழிபெயர்ப்பாளர்.

"ஆலோசனையின்போது, நீங்கள் சொன்னதும் அவர்களுக்குக் காட்டப்பட்டதும் வேறு வேறு என்று சந்தேகப்பட ஏதாவது முகாந்திரம் இருந்ததா?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

ஐந்து நிமிடப் பேச்சுக்கு நான்கு அசைவு. அது அவளுக்கு நினைவில் இருந்தது.

"இல்லை," என்றாள்.

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சின்ன அசைவு செய்தார். அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான். அந்தப் பெண் அதைப் பார்த்தாள், ஆலோசகரைப் பார்த்தாள். அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கூட்டம் முடியும் வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

படிவத்தில் கையெழுத்து இருப்பதால் புகார் முடித்துவைக்கப்படுகிறது என்று அவளுக்குக் கடிதம் போயிற்று. அதற்குள் அவள் அந்த வீட்டை விட்டு வெளியேறி, கடையில் உடன் வேலை செய்யும் இரண்டு பெண்களோடு ஓர் அறையில் தங்கியிருந்தாள். புருஷன் தினமும் போனில் 'சாப்பிட்டாயா' என்று செய்தி அனுப்பினான். அவள் பார்த்ததாக அடையாளம் விழும், பதில் வராது. ஆலோசகருக்கு எச்சரிக்கை கூட வரவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அவள் பத்தேகாலுக்குக் கதவைத் திறந்து அடுத்தவர்களை உள்ளே கூப்பிட்டாள். உட்காருங்க, முடிவு வந்துடுச்சு என்றாள்.