தாமதமாகச் சிவந்த கட்டம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஊருக்கெல்லாம் பார்வை சரிசெய்து கொடுப்பவளுக்குச் சொந்த முதுகைப் பார்க்க வழியில்லை.

மோதிர விரல் அரித்துப் புண்ணானதும், நாள் முழுக்க நான் தொடும் ஃபிரேம்களின் மீதுதான் தோல் டாக்டர் முதலில் சந்தேகப்பட்டார். அவற்றில் நிக்கல் இருக்குமாம். நிக்கலாகவே இருக்கட்டும் என்று நான் வேண்டாத தெய்வமில்லை. வேலையை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விரலில் இருந்த தங்க மோதிரம், என் கணவர் வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் போட்டுவிட்டது.

எந்த உலோகம் ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, நர்ஸ் என் முதுகில் பேனாவால் கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு உலோகத்தின் மருந்தை ஒட்டினார். கடைசிக் கட்டம் தங்கம். குளிக்காமல், சொறியாமல், மல்லாந்து படுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிரித்துப் பார்த்தார்கள், இடைவெளி விட்டு இன்னொரு தடவையும் பார்த்தார்கள். எந்தக் கட்டமும் சிவக்கவில்லை. உலோகம் ஒத்துக்கொள்ளாத உடம்பு இல்லை, வேறு காரணம் தேடுவோம் என்றார் டாக்டர். கழற்றி வைத்திருந்த மோதிரத்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே மாட்டிக்கொண்டேன்.

சில நாட்களில் விரல் மறுபடி கொப்பளித்தது. உங்கள் டெஸ்ட்டை நம்பித்தானே போட்டேன் என்று டாக்டரிடம் போனில் சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை.

"தங்கம் சில பேருக்கு லேட்டாத்தான்மா காட்டும். நாங்க பாத்தப்ப சும்மா இருந்திருக்கலாம். வீட்ல யாரையாவது அந்தக் கட்டத்தப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க."

வீட்டில் யாராவது. எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்.

கடையிலிருந்து ஒரு கைக்கண்ணாடியைக் கொண்டுவந்தேன். அலமாரிக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கழுத்து சுளுக்கிக்கொள்ளும்வரை திரும்பிப் பார்த்தேன். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

விடுமுறை நாள் மதியம் கணவர் வீடியோவில் வந்தார். ஒன்றும் தெரியாதவள் போல, சட்டையை இறக்கி முதுகைப் போனுக்குக் காட்டினேன். பேனாக் கோடுகள் இன்னும் முழுதாக அழியவில்லை.

"கடைசிக் கட்டம் செவந்திருக்கா, பாத்துச் சொல்லுங்க."

 

"ஒண்ணுமில்ல. சுத்தமா இருக்கு" என்றார்.

இந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவும் வராது. அந்தக் கட்டம் தடித்துச் சிவந்திருப்பதைத்தான் நானே கண்ணாடியில் பார்த்துவிட்டேனே. முதுகை இன்னும் போனுக்குக் கிட்டே கொண்டுபோனேன்.

"செவந்துதான் இருக்கு" என்றார் அப்புறம். "கழட்டிடு. ஆனா நீ கழட்டிட்டா, நான் அங்க இல்லாத மாதிரி இருக்கும்."

"போட்டிருந்தப்ப மட்டும் இருந்தீங்களா?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.  வீங்கிய விரலிலிருந்து மோதிரத்தை மெதுவாகத் திருகிக் கழற்றினேன்.

சிவப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளவா அவரைப் பார்க்கச் சொன்னேன்? அவர் கண் என் மேல் பட்டு எத்தனை காலமாயிற்று. கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. சட்டையை ஏற்றிக்கொண்டு திரும்பியிருக்கலாம். நான் திரும்பவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும்.