பதிமூன்று மடங்கு

சமயநல்லூருக்கு வெளியே வெல்டிங் வாயு நிரப்பும் கம்பெனியில் ஸ்வர்ணா வேதியியலாளராக இருந்தாள். அசிட்டிலீனைச் சும்மா அழுத்தி அடைத்தால் வெடிக்கும். அதனால் சிலிண்டருக்குள் அசிட்டோன் ஊற்றி, அதில் கரைத்து அடைப்பார்கள். வருகிற ஒவ்வொரு அசிட்டோன் டிரம்மிலும் வாயு எவ்வளவு கரைகிறதென்று அளந்து கையெழுத்துப் போடுவது அவள் வேலை.

1997 சித்திரையில் ஒரே ஒரு டிரம்மை அளக்காமல் விட்டாள். அக்கா கல்யாணத்துக்குப் புடவை எடுக்கும் அவசரம். முந்தைய டிரம்முக்கு வந்த, ஒரு மில்லி அசிட்டோனுக்கு இருபது மில்லி வாயு என்ற கணக்கையே நோட்டில் எழுதிவிட்டுப் பஸ் ஏறினாள்.

பத்தாம் நாள் பேரையூரில் அந்த டிரம் அசிட்டோன் ஊற்றிய சிலிண்டர் ஒன்று வெடித்து, பட்டறைக்காரர் விருமாண்டி அந்த இடத்திலேயே செத்தார்.

சேதி வந்ததும் ஸ்வர்ணா அந்த டிரம்மின் அடியில் கிடந்த மிச்சத்தை எடுத்தாள். குடுவையை முப்பது டிகிரித் தண்ணீரில் வைத்து, அளவுக்குழாயிலிருந்து வாயுவை விட்டுக் குலுக்கினாள். வாயு கரையக் கரைய, குழாயின் அடியில் இருந்த பாதரசம் ஏறி வந்து பாதியில் நின்றுவிட்டது. ஒரு மில்லிக்குப் பதிமூன்று மில்லி. மூன்று தடவை செய்தும் பதிமூன்றுதான். எவனோ அசிட்டோனில் தண்ணீர் கலந்திருக்கிறான்; கரையாத மிச்ச வாயு சிலிண்டருக்குள் சும்மா அழுத்தத்தில் நின்றிருக்கிறது.

முதலாளி செல்வக்குமாரிடம் போய்ச் சொன்னாள்.

"பீடி பத்த வச்சிருப்பான்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. நீ எதுக்கும்மா தோண்டுற? நோட்டுல இருக்கிறது உன் கையெழுத்து."

"அதே டிரம்ல ரொப்புன முப்பது சிலிண்டர் வெளிய இருக்கு சார். திருப்பி வாங்கணும்."

"வாங்குனா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. பேசாமப் போ."

அவள் டெலிவரி நோட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தாள். சாயங்காலம் வரை ஒவ்வொரு பட்டறையாகக் கூப்பிட்டாள். போன் இல்லாத இடங்களுக்கு மறுநாள் பஸ்ஸில் போனாள். முப்பதும் வெடிக்காமல் ஒதுக்கி வைக்கப்பட்டன. அதன்பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தாள்.

வழக்கில் செல்வக்குமார் முதல் குற்றவாளி, அவள் இரண்டாவது. கோர்ட்டு வராந்தாவில் விருமாண்டியின் மனைவி ஒச்சாயி அவள் எதிரில் வந்து நின்றாள்.

"நீதான் அளக்குற பிள்ளையா?"

"ஆமாம்மா."

"அளக்க எம்புட்டு நேரம் புடிக்கும்?"

"அரை மணி நேரம்."

ஒச்சாயி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போனாள்.