நடுவில் கதவுள்ள இரண்டு அறைகள்

கோடை விடுமுறைக்குத் தேசியப் பூங்காவுக்குப் போவது என்று முடிவானதும், தங்குமிடம் பார்க்கும் வேலையைச் சகலை என் தலையில் கட்டினார்.

"நீங்கதானே சகலை ஊர்ல இருக்கிற வீட்டையெல்லாம் வரையிறீங்க. ஒரு ரூம் பிடிக்கிறது உங்களுக்குப் பெரிய வேலையா? நான் பார்த்தா கார் நிறுத்த நிழல் இருக்கான்னு மட்டும்தான் பார்ப்பேன். அப்புறம் உங்க அக்கா என்னை அந்த நிழல்லயே படுக்க வச்சிருவா."

சகலை டயர் கடை வைத்திருக்கிறார். அவர் மனைவி என் மனைவிக்கு அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. நான் கட்டடப் பொறியாளர் ஒருவரின் அலுவலகத்தில் வரைபடம் வரைகிறேன். எனக்கு நாலரை வயதில் ஒரு மகள். வாண்டு என்று கூப்பிடுகிறோம். மனைவி போய் ஏழு மாதம் ஆகிறது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம்.

அந்தப் பூங்காவைக் கோடையில் கூட்டம் ஈ மொய்ப்பது போல மொய்க்கும். நல்ல இடமெல்லாம் முன்பே போய்விடும். விசாரித்ததில் மூன்று இடங்கள் தேறின. ஆற்றோரத்தில் கூடாரங்கள், சகலையின் குறட்டைக்குக் கூடாரம் தாங்காது. நெடுஞ்சாலையில் ஒரு பெரிய ஹோட்டல். பூங்கா வாசலுக்குக் காரில் அரைமணி நேரம் போக வேண்டும். மூன்றாவது பூங்காவுக்கு உள்ளேயே இருக்கும் வனத்துறை விடுதி. பழைய கட்டடம், ஒரே கூடம். போன கோடையில் என் மனைவி ஆசைப்பட்டுக் கேட்டது அதைத்தான். கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

அக்காவும் அதையே சொன்னார். "அது கிடைச்சா நல்லாயிருக்கும் தம்பி. அவ கேட்ட இடம். வாண்டு காலைல கண்ணைத் திறந்ததும் மான் நிக்கும்."

மதிய இடைவேளையில் அலுவலக மாடிப்படியில் நின்று வன விடுதிக்குப் போன் செய்தேன். காவலாளி எடுத்தார்.

"ஒரே ஹால் சார். சுவரோரமா அஞ்சு கட்டில். கரண்டு போனா போனதுதான். ஜன்னலைத் திறந்தா மான் மூஞ்சியை நீட்டும். குப்பைத் தொட்டியை மட்டும் உள்ள வச்சுக்கணும், இல்லைன்னா கரடி வந்துரும்."

"தனி அறை எதுவும் இல்லையா?"

"தனியா படுக்கணும்னா எதுக்கு சார் குடும்பத்தோட வர்றீங்க?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "நீங்க சொல்ற தேதிக்கு இப்பதான் ஒருத்தர் வரலைன்னு சொன்னார். உங்க அதிர்ஷ்டம். போட்டுரட்டுமா?"

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்."

"கேட்டுட்டு வர்றதுக்குள்ள போயிரும் சார். கோடை இது."

வீட்டில் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். அடுத்த போன் ஹோட்டலுக்கு. வரவேற்பில் இருந்த பெண் பொறுமையாகப் பேசினாள். பக்கத்துப் பக்கத்து அறைகள் இரண்டு, நடுவில் கதவு, அப்படி இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. தள வரைபடம் வேண்டும் என்றேன். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலும். அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும், தீப்பிடித்தால் எந்த வழியாக ஓட வேண்டும் என்று காட்டும் படத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அதை வைத்தே அளவைக் கணக்கிட்டேன். தொழில் புத்தி. முதல் அறையில் கட்டில் நடுக்கதவிலிருந்து தள்ளி, குளியலறைச் சுவரையொட்டி இருந்தது. அடுத்த அறையில் குழந்தை அழுதால் அங்கே அவ்வளவாகக் கேட்காது.

"குழந்தைக்குச் சின்னக் கட்டில் போடலாம் சார். எந்த ரூம்ல?"

"ரெண்டாவது ரூம்ல."

"அம்மா அப்பா இருக்கிற ரூம்தானே சார்?"

"ஆமா" என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாண்டு இரவில் எழுந்து தண்ணீர் கேட்பாள். கொடுப்பேன். கதை கேட்பாள். சொல்வேன். அம்மா கேட்பாள். அதற்கும் ஏதாவது சொல்வேன். குளிப்பாட்டுகிறேன், தலை பின்னுகிறேன், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறேன். எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக் குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொன்னது போலத்தான் இருக்கிறது. எப்போது வந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்று காத்திருப்பது போல. அக்காவிடம் போனால் அவள் வேறு பிள்ளை. வாயாடுகிறாள், சிரிக்கிறாள், கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

போகிற ஐந்து நாளும் அக்காவின் அறையில் படுத்துப் பழகிவிட்டால், திரும்பி வந்ததும் பெரியம்மா வேண்டும் என்று அவளே கேட்பாள். கோடை முடிவதற்குள் அங்கேயே பள்ளிக்கூடமும் பார்த்துவிடலாம். நான் கொடுத்தேன் என்று ஆகாது. அவளாகப் போனாள் என்றாகும். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா?

அன்று மாலை அக்காவுக்குப் போன் செய்து, வன விடுதி நிரம்பிவிட்டது, ஹோட்டல்தான் கிடைத்தது என்றேன். வாய் கூசவில்லை. கூசும் என்று நினைத்திருந்தேன்.

"போகுது விடுங்க. அவளுக்குத்தான் குடுத்து வைக்கலை" என்றார் அக்கா. போனை வைத்த பிறகு அந்த வார்த்தை காதிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். வாண்டுவுக்கு எதை எதை எடுத்து வைப்பது என்று எனக்குத் தெரியாது என்பதால் அக்கா வந்து அடுக்குவதாக ஏற்பாடு. சகலை உள்ளே நுழைந்ததும் ஆரம்பித்தார்.

"என்ன சகலை, ஹோட்டல்ல நீச்சல் குளம் இருக்காமே? நான் இறங்கினா மத்தவங்க வெளிய நின்னு குளிக்கலாம். தண்ணி அங்க வந்துரும்."

வாண்டு அவர் தொப்பையில் குத்தினாள். "பெரியப்பா, உள்ள என்ன இருக்கு?"

"டயர் இருக்கு. விக்காத டயரையெல்லாம் எங்கடி வைக்கிறது?"

அக்கா சிரிக்கவில்லை. சகலை அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டார். "வா, கீழ போய் உங்க அப்பன் வண்டியில காத்து இருக்கான்னு பார்ப்போம். ஆளுக்குத்தான் இறங்கிப் போச்சு, வண்டிக்காவது இருக்கட்டும்." படியிறங்கும்போது வாண்டு எதற்கோ கத்திச் சிரிப்பது கேட்டது.

அக்கா கட்டிலில் பையைத் திறந்து வைத்து, சின்னச் சின்னக் கவுன்களை மடித்தார். நான் வாசற்படி நிலையில் சாய்ந்து நின்றேன்.

"நேத்து அந்த வன விடுதிக்குப் போன் பண்ணேன் தம்பி."

சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தேன்.

"யாராவது வரலைன்னா நமக்குச் சொல்லுங்கன்னு சொல்லி வைக்கலாம்னு பண்ணேன். அந்தக் காவலாளி சொல்றாரு, 'இதே தேதிக்கு ஒருத்தர் கேட்டாரும்மா, இருக்குன்னேன், அப்புறம் ஆளையே காணோம். முந்தாநாள்தான் வேற குடும்பத்துக்குக் குடுத்தேன்'னு. தனி ரூம் கேட்டாராமே அவரு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் முழிப்பது போல முழித்தேன் என்று நினைக்கிறேன்.

அக்கா என்னைப் பார்க்காமல் பேசினார். "எனக்குத் தெரியும் ஏன்னு. ஆஸ்பத்திரி வராந்தாவுல அத்தனை பேர் முன்னாடி உங்களைக் கேட்டேன். 'இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்தீங்க, ஏன் முன்னாடியே கூட்டிட்டு வரலை'ன்னு. சட்டையைப் பிடிச்சேன். அதுக்கப்புறம் என் முகத்தைப் பார்த்துக்கிட்டு ஒரே ஹால்ல ராவும் பகலும் எப்படி இருப்பீங்க? நானா இருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன்."

"அக்கா…"

"இருங்க, சொல்லிடறேன். தப்புதான். அன்னைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கணும். வாய் வரலை. நீங்களும் வாண்டுவும் மட்டும் போயிட்டு வாங்க. நாங்க வரலை. அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கவுனை எடுத்தார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழி அவர் பக்கமே போய்ச் சேரும். நான் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தவன் ஆகிவிடுவேன். கொஞ்ச நேரம் அப்படித்தான் நின்றேன். அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

பிறகு பேசினேன். மனசாட்சி உறுத்தியதா, ஐந்து நாள் வாண்டுவோடு தனியாக இருக்க வேண்டுமே என்ற பயமா, எது என்னைப் பேச வைத்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"அதுக்காக இல்லைக்கா. வாண்டுவோட கட்டிலை உங்க ரூம்ல போடச் சொல்லியிருக்கேன்."

"போட்டா என்ன? பெரியம்மாகிட்ட படுத்தா ஆகாதா?"

"அஞ்சு நாள் உங்ககிட்டயே படுத்தா பழகிருவான்னு. வந்தப்புறமும் உங்ககூடவே… அவளாவே கேட்பான்னு. அதுக்குத்தான் ரெண்டு ரூம் எடுத்தேன்."

அக்கா மடித்த கவுனைப் பைக்குள் வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

"அவளை எங்கிட்ட விட்டுடறதா யோசனையா?"

"ஆமா."

"அவ ஏதாவது படுத்துறாளா?"

"இல்லை. ஒண்ணும் படுத்தலை. எனக்குத்தான்… எதுவும் தோண மாட்டேங்குதுக்கா. அவளைப் பார்த்தாலும்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கீழே சகலை டயரை உதைக்கும் சத்தம் கேட்டது. வாண்டு தானும் உதைப்பேன் என்று அடம்பிடித்தாள்.

"நேரா கேட்டிருந்தா அன்னைக்கே அவளைத் தூக்கிட்டுப் போயிருப்பேன்" என்றார் அக்கா மெதுவாக. "யோசிச்சுக்கூட இருக்க மாட்டேன். தெரியுமா உனக்கு? காரியம் முடிஞ்சு கிளம்பும்போது, அவ என் புடவையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. இவன் இப்ப ஒரு வார்த்தை சொல்ல மாட்டானான்னு நினைச்சேன். தங்கச்சி போய்ப் பத்து நாள்தான் ஆகுது, எனக்கு அந்த நினைப்பு. அதை நினைச்சு நினைச்சு எத்தனை நாள் எனக்கு நானே காறித் துப்பிக்கிட்டேன்."

எப்போதும் 'நீங்க' என்பவர் 'நீ' என்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அப்போ கூட்டிட்டுப் போங்கக்கா."

"மாட்டேன்." பட்டென்று வந்தது. "ஹோட்டல் கதவு வழியா நைசா தள்ளிவிட்டு வாங்கிக்கிற பொருளா அவ? நாளைக்கு அவ பெரியவளாகி, 'எங்கப்பா என்னை ஏன் விட்டாரு'ன்னு கேட்டா, 'நீயாத்தான் வந்தே'ன்னு சொல்லணுமா நான்? அந்தப் பொய்யைக் காலத்துக்கும் நான் சுமக்கணும், இல்ல?"

கையிலிருந்த கவுனைப் பைக்குள் திணித்தார்.

"அஞ்சு நாளும் உன் ரூம்லதான் படுப்பா. அழுதா நீ எழுந்திரு. நான் வர மாட்டேன். உன் சகலையையும் வர விட மாட்டேன். திரும்பி வந்தப்புறமும் உனக்கு முடியலைன்னா, அவளை வெளிய அனுப்பிட்டு இல்ல, அவளையும் உட்கார வச்சுக்கிட்டுக் கேளு. அப்போ நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

'திரும்பி வந்தப்புறம்' என்றதும் என் மனம் முதலில் செய்த காரியம், அதற்கு இன்னும் எவ்வளவு நாள் இருக்கிறது என்று பார்த்ததுதான். அக்காவுக்கு அது தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நாங்க வர்றோம்" என்றார். "இப்ப போனைப் போடு."

ஹோட்டலுக்குப் போன் செய்தேன். அதே பெண். சின்னக் கட்டிலை முதல் அறைக்கு மாற்ற வேண்டும் என்றேன்.

"அப்போ அம்மா அப்பா முதல் ரூமுக்கு மாறிக்கிறீங்களா சார்?"

"இல்லை. முதல் ரூம்ல நான்தான் இருப்பேன். நான்தான் அப்பா."

"அம்மா?"

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. தெரியாத ஒருவரிடம் நானே சொல்ல வேண்டி வந்தது இதுதான் முதல் தடவை.

"இறந்துட்டாங்க" என்றேன்.

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் நின்றது. "மன்னிச்சுக்குங்க சார். நான் தெரியாம…"

"பரவாயில்லை."

"குழந்தைக்குத் தனிக் கட்டிலே போடட்டுமா சார்? இல்லை உங்ககூடவே படுத்துக்குவாங்களா? பெரிய கட்டில்தான், தாராளமா ரெண்டு பேர் படுக்கலாம்."

எனக்குத் தெரியவில்லை. வீட்டில் அவளுக்குத் தனிக் கட்டில். அம்மா இருந்தபோது எங்கள் நடுவில்தான் படுப்பாள். தனிக் கட்டில் வாங்கியது நான்தான், அம்மா போன மூன்றாம் மாதம். போனைக் கையால் மூடிக்கொண்டு அக்காவைப் பார்த்தேன்.

"என்னை எதுக்குப் பார்க்கிறே? அவளைக் கேளு."

சகலை அப்போதுதான் வாண்டுவோடு உள்ளே வந்தார். அவள் இரண்டு கையிலும் டயர்க் கரி. "நாலும் நல்லாயிருக்கு" என்றவர், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொண்டார். அது அவர் வழக்கமே இல்லை.

"வாண்டு, ஹோட்டல்ல உனக்குத் தனிக் கட்டில் வேணுமா, அப்பாகூடப் படுக்கிறியா?"

அவள் யோசித்தாள். கரியை மூக்கில் தேய்த்துக்கொண்டாள்.

"நீ உதைப்பியா?"

"மாட்டேன்."

"நான் உதைப்பேன்."

"உதை."

"தூங்கும்போதுதான் உதைப்பேன். தெரியாம." எச்சரிக்கை செய்வது போல விரலை நீட்டினாள். "அப்புறம் திட்டக் கூடாது."

சகலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா பைப் பக்கம் திரும்பிக்கொண்டார். போனில் அந்தப் பெண் இன்னும் காத்திருந்தாள்.

"சின்னக் கட்டில் வேண்டாம்மா" என்றேன்.