ஈவாஞ்சலின் வீட்டு வெள்ளைச் செவ்வந்தி

கிருபாகரன் பொய் சொன்ன நேரங்களில் அவர் வீட்டு வாசலில் இருந்த வெள்ளைச் செவ்வந்தி ஊதா நிறமானது. தூத்துக்குடி துறைமுகத்தில் இறக்குமதிச் சரக்குக்குக் காகிதம் பார்க்கும் அலுவலகத்தில் அவர் மேலாளர். மனைவி ஈவாஞ்சலின் பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. 2019 கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில், "கப்பல் வரப் பிந்துது, நாளைக்குத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டு அவர் காரை எடுத்தபோது, இதழ் நுனியில் தொடங்கி நடு வரைக்கும் ஊதா ஏறியது. மறுநாள் மதியம் வெளுத்துவிட்டது. ஈவாஞ்சலின் உப்புத்தண்ணீரைச் சந்தேகப்பட்டாள். இந்த ஊரில் முடி கொட்டினாலும் பருப்பு வேகாவிட்டாலும் பழி அதற்குத்தான். மூன்று வருடம் உப்பை முறிக்கத் தொட்டியில் ஜிப்சம் போட்டாள், தேரிக்காட்டுச் செம்மணல் கலந்தாள். செடி தன் பாட்டுக்கு வருடம் முழுக்கப் பூத்து, வெள்ளிக்கிழமைதோறும் நிறம் மாறியது.

செடி தேர்ந்தெடுப்பதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. ஐப்பசியில் நர்சரிக்குப் போனால், பந்து மாதிரி பூக்கிற பெரிய ரகம் மழையில் அழுகும், ஒற்றை அடுக்கு சீக்கிரம் உதிரும், பட்டன் செவ்வந்திதான் கடற்காற்றைத் தாங்கும் என்று நின்று நிதானித்து வாங்குவாள். ஆசை என்னவோ ஜன்னலோரம் தொட்டியில் வளர்க்கிற ஆப்பிரிக்கன் வயலட் செடி மேல்தான். ஓரம் வெளுத்த இரட்டை அடுக்கு ரகம் ஒன்றை ஒவ்வொரு வருடமும் கையில் எடுப்பாள். "நம்ம வெக்கைக்கும் தண்ணிக்கும் அது நிக்காது ஈவா" என்பார் கிருபாகரன். திரும்ப வைத்துவிடுவாள். பதினோரு வருடம் இப்படி. அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள், அதையும் நம்பினாள்!

2022இல் கிருபாகரனுக்குத் தொண்டையில் அறுவை செய்து, இரண்டு வாரம் பேசக் கூடாது என்றார் மருத்துவர். அந்த இரண்டு வாரமும் செவ்வந்தி வெள்ளையாக இருந்தது. நிறம் மாற்றுவது உப்புத்தண்ணீர் இல்லை, அவர் சொல்லும் பொய் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பக்கத்து வீட்டுச் சீனித்தாயிடம் மட்டும் சொன்னாள். சீனித்தாய் மீன்காரரைக் கூட்டிவந்து செடி முன்னால் நிறுத்தி, "இன்னைக்குப் பிடிச்ச மீனா, உண்மையச் சொல்லும் அண்ணாச்சி" என்று கேட்டுப் பார்த்தார். நாறும் மீனை வைத்துக்கொண்டு அவர் ஆமாம் என்றும் செடி நிறம் மாறவில்லை. அது கிருபாகரனுக்கு மட்டுமே வாய்த்த செடி.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர், "நாசரேத்துக்குப் போறேன்" என்றார், பூ வெள்ளை. "சபைக் கமிட்டி இருக்கு" என்றார், ஊதா. அலுவலக ஏசியில் சொட்டிய தண்ணீரை இரண்டு கேன்களில் பிடித்து வைத்திருந்தார். "இன்வெர்ட்டர் பேட்டரிக்கு" என்றார். ஊதா இன்னும் அடர்ந்தது. சனிக்கிழமை காலை அவள் நாசரேத் பஸ் ஏறினாள். நாசரேத்தில் கார் நின்ற வீடு ஷீஜா என்ற தையல்காரியுடையது. கதவைத் திறந்த ஷீஜா அவளைப் பார்த்ததும், "ஈவா அக்காவா? உள்ள வாங்க" என்றாள். எல்லாம் தெரிந்திருந்தது அவளுக்கு. கிருபாகரன் பனியனோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலில் ஒன்பது தொட்டி வயலட். ஈவாஞ்சலின் பார்வை அங்கே போனதைக் கண்டு ஷீஜா அதைக் காட்டி, "அவியதான் ஒவ்வொரு ரகமா பாத்துப் பாத்து வாங்கிட்டு வருவாவ. ஏசித் தண்ணியில உப்பு கிடையாதுல்லா, அதான் நிக்குது" என்றாள். அதுவரை வராத அழுகை, அந்த ஓரம் வெளுத்த இரட்டை அடுக்கைப் பார்த்ததும் ஈவாஞ்சலினுக்கு வந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்த கையோடு, செடியின் குணத்தைச் சொல்லி அவரை அதன் முன்னால் நிறுத்தினாள். ஷீஜாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அங்கன வயலட் நிக்கும்னு தெரிஞ்ச பொறவும், எனக்கு ஒரு தொட்டி கொண்டாரணும்னு ஒரு நாளாவது தோணிச்சா?"

"தோணாம இருக்குமா ஈவா" என்று ஆரம்பித்தார். நுனியில் ஊதா ஏறியது. அவளை விட்டுப் பூவைப் பார்த்தார். "தோணல" என்றார்.

பூ பளிச்சென்று வெளுத்தது. செடியும் ஒருவேளை தப்புச் சொல்லுமோ என்று அவள் வைத்திருந்த நப்பாசை அத்தோடு தீர்ந்தது. கிருபாகரன் இப்போது நாசரேத்தில் இருக்கிறார். சனிக்கிழமைகளில் ஈவாஞ்சலின் அந்தப் பூவைப் பறித்து ஆலயத்துக்குக் கொடுக்கிறாள். நல்ல ரகம், நிறம் மாறாது என்று எல்லோரும் பதியன் கேட்கிறார்கள்.